"நீ துவக்குச் சுடுறியாமே?"

கோயில் திருவிழாவிலோ, யாருடையதோ பிறந்தநாள் மண்டபத்திலோ என்னைக் காணும் அன்ரிமார் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதலாவது எங்கள் வயதில் எல்லாரிடமும் கேட்பது: "படிப்பு முடிஞ்சுதா, இனி என்ன?" இரண்டாவது எனக்கு மட்டுமே உரியது. அதற்குக் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள்: "நீ துவக்குச் சுடுறியாமே?"

ஓம், சுடுகிறேன். பத்து வருடமாகச் சுடுகிறேன். நான் சுடுவது தாளை. 15 மீற்றர் தூரத்தில், கோடை காலத்தில் 50 மீற்றர் தூரத்தில், தொங்குகிற ஒரு தாளில் அச்சடித்த கறுப்பு வட்டத்தை. பறவையைச் சுட்டதில்லை, முயலைச் சுட்டதில்லை. சுடவும் விருப்பம் இல்லை.

போன மாதம் 14 வயதுத் தங்கச்சி ஒருத்தி எனக்கு எழுதியிருந்தாள். "அக்கா, எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கீழேயே ஒரு சுடும் கழகம் இருக்கு. வகுப்பில ரெண்டு பேர் போயினம். எனக்கும் விருப்பம். அம்மாவிட்ட எப்படிக் கேக்கிறது?" அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. அவளைப் போல இன்னும் சிலர் இருப்பீர்கள் என்று நினைத்து, எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நிலக்கீழ் அறையில் ஒரு விளையாட்டு

டென்மார்க்கில் வளர்ந்தவர்களுக்கு டி.ஜி.ஐ. என்ற பெயர் தெரியாமல் இருக்காது. சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்குக்கோ ஹாண்ட்போலுக்கோ போயிருப்பீர்கள். உங்கள் ஊர்க் கழகம் அநேகமாக அந்த அமைப்பில் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் அதன் பழைய வேர்களில் ஒன்று துப்பாக்கிச் சுடும் கழகங்கள் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

1861இல் டென்மார்க்கில் ஊருக்கு ஊர் சுடும் கழகங்கள் தொடங்கின. நாட்டுக்கு ஆபத்து வந்தால் சாதாரண குடிமக்களுக்கும் குறிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய எண்ணம். மூன்று வருடத்தில், 1864இல், அந்த ஆபத்து வந்தது. பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தோற்று, ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்தது. பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் கழகங்கள் நின்றுபோகவில்லை. துப்பாக்கியோடு ஜிம்னாஸ்டிக்கும் சேர்ந்தது, பிறகு மற்ற விளையாட்டுகளும் சேர்ந்தன. அந்த வழியில் வந்த அமைப்பும் இன்னொரு பெரிய அமைப்பும் 1992இல் ஒன்றானபோதுதான் டி.ஜி.ஐ. பிறந்தது. போருக்கென்று தொடங்கிய ஒன்று, ஒன்றரை நூற்றாண்டில் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் போகிற பொழுதுபோக்காக மாறிவிட்டது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

குளிர்காலத்தில் சுடுவது பெரும்பாலும் நிலக்கீழ் அறைகளில். பள்ளிக்கூடத்துக்குக் கீழே, விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, நீளமாக ஓர் அறை இருக்கும். மேலே பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், கீழே நாங்கள் சுடுவோம். எங்கள் கழகமும் அப்படித்தான், ஹேர்னிங்குக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில். கதவைத் திறந்தவுடன் மூன்று மணம் வரும்: கோப்பி, பழைய கம்பளம், சுட்ட மருந்து. கோப்பிக் குடுவைக்குப் பக்கத்தில் யாராவது வீட்டில் செய்த கேக் இருக்கும். பழக்குகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அதிகம் கதைக்க மாட்டார்கள். பத்துக் குண்டில் ஒன்பது நன்றாக விழுந்தால், விலகிப்போன பத்தாவதைக் காட்டி "இதில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்பார்கள்.

துப்பாக்கி கழகத்தினுடையது. இரும்பு அலுமாரியில் பூட்டி இருக்கும். படுக்கும் பாய், கையுறை, தடித்த சட்டை, தோளில் மாட்டும் வார், காதுக்கு மூடி, எல்லாமே இரவல் கிடைக்கும். சொந்தமாகக் கொண்டுபோக வேண்டியது ஒரு பழைய சுவெட்டர்தான். நீச்சலுக்கோ குதிரைச் சவாரிக்கோ கட்டுகிற காசோடு பார்த்தால் இது மலிவான விளையாட்டு.

இதில் உயரமும் உடல்பலமும் பெரிதாகக் கணக்கில் வராது. ஆணும் பெண்ணும், பத்து வயதும் எழுபது வயதும், பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடலாம். இந்தச் சின்ன நாடு ஒலிம்பிக்கிலும் இதில் பெயர் எடுத்திருக்கிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நின்றபடி சுடும் போட்டியில் லார்ஸ் யோர்கன் மாட்ஸன் தங்கம் வென்றார். நூறு வருடம் கழித்து, 2000 சிட்னியில், 50 மீற்றர் படுத்துச் சுடும் போட்டியில் டோர்பென் கிரிமல் வெள்ளி வென்றார். எங்கள் பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கடலூரில் 1999இல் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2018இல் சிட்னியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். அவர் சுடுவது 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி. அந்தத் தாளில் பத்துப் புள்ளி கொடுக்கும் நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீற்றர்.

ஒரு படிவம்

எனக்கு அப்போது 15 வயது. கழகம் ஒரு படிவம் தந்தது. பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும். உங்களைப் போலத்தான் நானும் வீட்டு மொழிபெயர்ப்பாளர். பல் வைத்தியரின் கடிதம், வங்கிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் சாப்பாட்டு மேசையில் நான் வாசித்து, தமிழில் சொல்லி, அம்மா கையெழுத்து வைப்பா. இதையும் அப்படித்தான் வாசித்தேன். அதில் 'வோபன்' என்ற சொல் வந்தது. அதற்குத் தமிழ் ஆயுதம். ஆயுதம் என்றுதான் சொன்னேன்.

அம்மா பேனாவை மேசையில் வைத்தா.

"என்ன ஆயுதம்?"

"துவக்கு அம்மா. சின்னத் துவக்கு. விளையாட்டுக்கு."

அம்மா எழும்பிப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவத் தொடங்கினா. அன்று வேறு கதை இல்லை.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் இருக்கிறது. வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒரு பொடியன். அம்மாவின் தம்பி, என் மாமா. 1988இல் அவருக்கு 16 வயது. வடமராட்சியில் ஒரு பின்னேரம் சைக்கிளில் ரியூசனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவராகப் போனாரா, கூட்டிக்கொண்டு போனார்களா என்பது அம்மம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. ஒன்றரை வருடம் கழித்து, அவர் இல்லை என்ற செய்தி மட்டும் வந்தது. மாமா துவக்குப் பிடித்து அம்மா ஒரு நாளும் கண்டதில்லை. கண்டிருந்தால் ஒருவேளை அந்த உருவம் மனதில் ஓரிடத்தில் நின்றிருக்கும். காணாததால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் 'எனக்கு 15, மாமாவுக்கு 16' என்ற கணக்கை அன்று பாத்திரம் கழுவும் சத்தத்தில்தான் கேட்டேன்.

எங்களில் பலருடைய வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கும். சில வீட்டில் சொல்வார்கள், சில வீட்டில் சொல்ல மாட்டார்கள். டெனிஷ் நண்பர்களுக்குத் துப்பாக்கி என்றால் தாத்தா வேட்டைக்குப் போனது, ஊர்க் கழகத்தில் கிண்ணம் வாங்கியது. எங்கள் பெற்றோருக்குத் துவக்கு என்றால் சோதனைச் சாவடி, இரவில் கதவைத் தட்டும் சத்தம், வீட்டைவிட்டுப் போன பிள்ளை. அந்தத் தங்கச்சிக்கு நான் சொல்ல நினைத்த முதல் விஷயம் இதுதான். நீ கேட்கப் போவது விளையாட்டுக்கான அனுமதி. அம்மாவின் காதில் விழப்போவது வேறொரு கேள்வி. அதைத் தெரிந்துகொண்டு கேள்.

எங்கள் வீட்டில் வழி எடுத்தது அப்பா. இரண்டு வாரம் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு, "நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றார். இரண்டு செவ்வாய்க்கிழமை அந்த நிலக்கீழ் அறையின் சுவரோர வாங்கில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் இருந்தார். கோப்பி கொடுத்தார்கள், குடித்தார். ஒருவரோடும் கதைக்கவில்லை. இரண்டாவது இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் பாடம்:

"அங்க ஒருத்தரும் கத்துறேல்லை. ஒரு கொப்பி வச்சிருக்கினம். எந்தத் துவக்கு, ஆர் எடுத்தது, எத்தினை ரவை, எல்லாம் எழுதுகினம். திருப்பிக் குடுக்கேக்க எண்ணுகினம். ஒரு ரவை குறைஞ்சதுக்கு எல்லாரும் குனிஞ்சு நிலத்தில தேடினவை. நானும் தேடினன்."

"ஒரு ரவைக்கா?" என்று அம்மா கேட்டா.

"ஒரு ரவைக்கு."

அடுத்த நாள் காலை படிவம் கையெழுத்தோடு மேசையில் இருந்தது. கூடவே மூன்று நிபந்தனை. துவக்கு வீட்டுக்கு வரக்கூடாது. துவக்கோடு நிற்கிற படம் எங்கேயும் போடக்கூடாது. சுடுகிற கதை சாப்பாட்டு மேசையில் கதைக்கக்கூடாது. மூன்றையும் இன்று வரை காப்பாற்றுகிறேன். இந்தக் கட்டுரைக்கும் படம் இல்லாததன் காரணம் அதுதான்.

விளிம்பில் அடிக்கிற ரவை

இனி விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். நாங்கள் பாவிப்பது .22 லோங் ரைபிள் என்ற ரவை. 1887இல் அமெரிக்காவில் வந்தது. இன்றும் அதே அளவில் உலகம் முழுக்க விற்கிறது. குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம். சுண்டுவிரல் நகத்தை விட ஒடுக்கம். பெரிய ரவைகளில் அடிப்பக்கத்தின் நடுவில் தீப்பற்றும் மருந்து இருக்கும். இதில் அது அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது பற்றுகிறது. அமைப்பு எளிது, அதனால் மலிவு. பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் ஐம்பது தடவை சுட்டுப் பழக முடிவதும் அதனால்தான்.

டெனிஷில் இந்த வகைத் துப்பாக்கியைச் 'சலோன்' துப்பாக்கி என்பார்கள். சலோன் என்றால் விருந்தினர் அறை. 1840களில் பிரான்ஸில் புளோபேர் என்பவர் செய்த சின்ன ரவையை, பணக்கார வீட்டுக்காரர்கள் தங்கள் விருந்தினர் அறையிலேயே பொழுதுபோக்காகச் சுட்டார்கள். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துப்பாக்கியின் வலப்பக்கத்தில் கதவுத் தாழ்ப்பாள் போல ஒரு கைப்பிடி இருக்கும். தூக்கு, பின்னால் இழு, வெற்றுக் கோது விழும். புது ரவையை வை, முன்னால் தள்ளு, கீழே மடக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் இதே வேலை. தானாக அடுத்தது ஏறாது. இதில் எனக்குப் பிடித்ததே இந்த மெதுவான வேலைதான். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கிறது. போன குண்டை மறக்க அது போதும்.

பிறகு மூச்சு. இழுத்து, பாதி விட்டு, நிறுத்த வேண்டும். ஆறேழு விநாடிக்கு மேல் நிறுத்தினால் கண் மங்கும். அதற்குள் சுடவில்லை என்றால் சுடக்கூடாது. இறக்கி, திரும்ப மூச்சு எடுத்து, முதலில் இருந்து தொடங்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். விசையை இழுக்கும் விரல் தானாகச் செய்வது போல மெல்ல அழுத்த வேண்டும். 'இப்ப!' என்று நினைத்து இழுத்தால் குழல் ஒரு மயிரிழை அசையும். 50 மீற்றரில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீற்றர். அந்த மயிரிழை அங்கே போய்ச் சேரும்போது எட்டுப் புள்ளி ஆகிவிடும்.

நான் சுடுகிறேன் என்று கேள்விப்பட்ட மாமாமார் எல்லாரும் சொல்லி வைத்தது போல அர்ச்சுனன் கதையைச் சொல்வார்கள். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்று துரோணரிடம் சொன்ன கதை. நல்ல கதை. ஆனால் தொலைநோக்கி இல்லாத துப்பாக்கியில் அர்ச்சுனன் முறை சரிவராது. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். குழலின் நுனியில் உள்ள குறியைக் கூர்மையாகப் பார்க்க வேண்டும். இலக்கு மங்கலாகத்தான் தெரியும். தெரியட்டும் என்று விட வேண்டும். அடைய வேண்டியதை மங்கலாக விட்டு, கையில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கப் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்தது.

ஒஹையோவில் ஓர் இரண்டுங்கெட்டான்

மூன்று வருடத்துக்கு முன் கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். ஒஹையோ மாநிலம். சித்தியின் மகன் என்னை விட நான்கு வயது மூப்பு. நான் சுடுகிறவள் என்பதால் பெருமையோடு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான்.

உள்ளே இருந்தது நான் அது வரை கண்டிராத ஒன்று. பிடி கைத்துப்பாக்கியின் பிடி. ஆனால் பக்கத்தில் எங்கள் நீளத் துப்பாக்கியில் இருப்பது போன்ற அதே தாழ்ப்பாள் கைப்பிடி. குழல் கைத்துப்பாக்கிக்கு நீளம் கூட, நீளத் துப்பாக்கிக்குக் கட்டை. மேலே ஒரு தொலைநோக்கி. சுடுவது எங்கள் அதே .22 ரவை. ஒரு தடவைக்கு ஒன்று. அங்கே சில நூறு டொலருக்குக் கிடைக்குமாம். அவன் 21 வயது ஆனதும், பின்னணிச் சோதனையை முடித்துவிட்டுக் கடையிலேயே வாங்கினானாம்.

சித்தி அதைப் பார்த்துச் சிரித்தா. "இது என்னடா, இரண்டுங்கெட்டான்?"

அங்கே டெனிஷும் இல்லாமல் தமிழும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த எனக்கு, அந்தப் பெட்டியில் இருந்ததோடு ஒரு சொந்தம் வந்தது என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள்.

இந்த வகைக்கு ஒரு காரணம் உண்டு. மெக்சிக்கோவில் இருந்து வந்த ஒரு போட்டி இருக்கிறது. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா. கோழி கிட்ட, கடா தூர. சுட்டு விழுத்தினால்தான் புள்ளி, பட்டால் மட்டும் போதாது. அதைக் கைத்துப்பாக்கியால் சுடுவதற்கென்று அமெரிக்காவில் 1976இல் ஒரு சங்கமே உருவானது. சாதாரண கைத்துப்பாக்கி அவ்வளவு தூரத்துக்குத் துல்லியம் போதாது. அதனால் நீளத் துப்பாக்கியின் இயந்திரத்தைக் கைத்துப்பாக்கியின் உடம்பில் வைத்த வகைகள் அந்தப் போட்டியில் பெயர் எடுத்தன. ரெமிங்டன் நிறுவனம் 1963இலேயே அப்படி ஒன்றைப் பெரிய ரவைக்குச் செய்திருந்தது. .22க்குச் செய்தவை அவற்றின் மலிவான தம்பிமார். சின்ன ரவைப் போட்டியில் தூரம் 25, 50, 75, 100 என்று போகும்.

அவன் கூட்டிக்கொண்டு போன இடம் ஒரு வயல்வெளி. மேசையில் ஒரு மணல்பை. அதன் மேல் குழலை வைத்து, கையை நீட்டிச் சுட வேண்டும். நீளத் துப்பாக்கியில் தொலைநோக்கி கண்ணுக்குக் கிட்ட இருக்கும். கைத்துப்பாக்கிக்கான தொலைநோக்கி ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருந்து பார்ப்பதற்கென்று செய்தது. தலை கொஞ்சம் ஆடினாலும் காட்சி கறுத்துவிடும். தோளில் அண்டக் கட்டை இல்லை, கன்னத்தை வைக்க இடம் இல்லை. இரண்டு கையும் மணல்பையும்தான்.

அதில் நான் கண்டது இதுதான்: தொலைநோக்கி இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை, நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. தொலைநோக்கி இல்லாமல் சுடும்போது நான் அசையாமல் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அந்தக் குறுக்குக் கோடு என் நாடித்துடிப்போடு சேர்ந்து கோழியின் வாலுக்கும் தலைக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. அது நிற்கும் என்று காத்திருந்தால் ஒரு நாளும் நிற்காது. அது ஆடட்டும், ஆட்டத்தின் அளவு சின்னதாகட்டும் என்று விட்டு, விசையை மெல்ல அழுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் கோழிகள் விழத் தொடங்கின. சுட்ட கையோடு சத்தம் வராது. குண்டு 50 மீற்றர் போக ஆறில் ஒரு விநாடி எடுக்கும். பிறகு இரும்பின் 'டிங்' திரும்பி வரும். 100 மீற்றரில் இருந்த கடா வேறு கணக்கு. 50க்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், அந்தத் தூரத்துக்குப் போவதற்குள் இந்தச் சின்ன குண்டு 15 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கிவிடும். தொலைநோக்கியின் திருகைத் திருப்பி அதை ஈடுசெய்ய வேண்டும். அன்று மாலை கடா ஒன்றே ஒன்று விழுந்தது. இரண்டு பேரும் கத்திய கத்தில் பக்கத்து வயலில் நின்ற உண்மையான மாடுகள் திரும்பிப் பார்த்தன.

நல்ல நாள் அது. ஆனால் ஒன்று மனதில் இடறியது. திரும்பி வந்து, அவன் பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சாப்பிட வந்தான். கொப்பி இல்லை. எண்ணிக்கை இல்லை. அப்பா அந்த வாங்கில் இருந்து பார்த்தது என் ஞாபகத்துக்கு வந்தது.

யாருடைய வீடு?

டென்மார்க்குக்கு வந்த பிறகும் அந்த இரண்டுங்கெட்டான் மனதை விட்டுப் போகவில்லை. கழகத்தில் கைத்துப்பாக்கிப் பிரிவில் சேர்ந்தேன். இங்கே கைத்துப்பாக்கி சொந்தமாக வைத்திருக்க நினைத்தால் கடைக்குப் போய் வாங்கி வர முடியாது. கழகத்தில் குறைந்தது இரண்டு வருடம் உறுப்பினராக இருந்து சுட்டிருக்க வேண்டும். பொலிஸ் உங்கள் பின்புலத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டகம் வேண்டும். அனுமதி கிடைப்பதும் எந்தப் போட்டிக்கு எந்த வகைத் துப்பாக்கி என்ற விதிக்கு உட்பட்டது. ஒஹையோவில் கண்டதைத்தான் வாங்குவேன் என்று இங்கே அடம்பிடிக்க முடியாது. பரவாயில்லை, அந்தத் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் ஒரு நல்ல .22 போட்டிக் கைத்துப்பாக்கி போதும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் போன வசந்தத்தில் முடிந்தது. நான் இப்போது இருப்பது ஓகூஸில், சின்ன ஒரு வாடகை வீட்டில். அம்மாவின் முதல் நிபந்தனை 'துவக்கு வீட்டுக்கு வரக்கூடாது' என்பது. இது என் வீடு. சட்டப்படி அம்மாவிடம் கேட்கத் தேவை இல்லை. நிபந்தனையின்படி பார்த்தாலும் தப்ப வழி இருந்தது. ஆனாலும் போனில் கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது உன்ர வீடு. நீ வளந்த பிள்ளை. நான் என்னத்தைச் சொல்ல," என்றா. எனக்கு நெஞ்சு இறங்கியது. வேறு ஏதோ கதைத்தோம். யாருக்கோ கல்யாணம், மீன் விலை. போனை வைக்கிற நேரம் கேட்டா:

"நான் வந்தால் படுக்கிற அறையிலயா வைப்பாய்?"

என் வீட்டில் படுக்க ஓர் அறைதான் இருக்கிறது. அம்மா வந்தால் கட்டிலில் அம்மா, நிலத்தில் நான். பெட்டகத்தை எங்கே பூட்டி வைத்தாலும், அம்மா அதோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும்.

விண்ணப்பத்தை அனுப்பவில்லை. கழகத்தின் கைத்துப்பாக்கியைத்தான் சுடுகிறேன். கொப்பியில் பெயர் எழுதி எடுக்கிறேன், எண்ணித் திருப்பிக் கொடுக்கிறேன். சொந்தமாக ஒன்று இருந்தால் பிடியை என் கைக்கு ஏற்றபடி செதுக்கலாம். புள்ளியும் கொஞ்சம் கூடும். அது எனக்குத் தெரியும். அம்மா மாதத்தில் ஒரு தடவை வந்து இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போவதும் எனக்குத் தெரியும். எது பெரிது என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. வேறொரு வீட்டில் வேறொரு கணக்கு சரியாக இருக்கும்.

தங்கச்சிக்குச் சில வரிகள்

முதலில், கழகத்துக்கு நீ தனியாகப் போகாதே. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ. ஒன்றும் விளக்கம் சொல்லாதே, வாங்கில் இருத்தி வை. பூட்டையும் கொப்பியையும் அவர்களே காணட்டும். நீ ஆயிரம் தடவை 'பாதுகாப்பு' என்று சொல்வதை விட, ஒரு ரவைக்காகப் பத்துப் பேர் குனிந்து தேடுவதை அவர்கள் ஒரு தடவை பார்ப்பது மேல்.

படிவத்தை மொழிபெயர்க்கும்போது உள்ளபடி சொல். 'விளையாட்டுச் சாமான்' என்று பூசி மெழுகாதே. பிறகு தெரியவந்தால் அந்தக் கழகத்தை மட்டும் அல்ல, உன்னையும் நம்ப மாட்டார்கள்.

அம்மா மாட்டேன் என்றால், ஏன் என்று ஒரு தடவை கேள். வாதாடுவதற்காகக் கேட்காதே, பதிலைக் கேட்பதற்காகக் கேள். இது வரை சொல்லாத ஒரு கதை அன்று வரலாம். அது வந்தால் அந்த வருடம் நீ சுடாவிட்டாலும் நட்டம் இல்லை. கழகம் 1861இல் இருந்து இருக்கிற வகை. அடுத்த வருடமும் இருக்கும். போருக்கென்று வந்த ஒன்று பிள்ளைகளின் விளையாட்டாக மாற இந்த நாட்டுக்கே தலைமுறைகள் எடுத்தன. எங்கள் அம்மாமாரிடம் அதை ஒரு பின்னேரத்தில் கேட்பது நியாயம் இல்லை.

உள்ளக வகுப்புகள் இலையுதிர் காலத்தில் தொடங்கும். பழைய சுவெட்டர் ஒன்றைக் கொண்டு போ, முழங்கை தேய்ந்தாலும் கவலை இல்லாதது. தலைமயிரைப் பின்னுக்குக் கட்டு. முதல் நாள் பத்துக் குண்டும் தாளுக்கு வெளியே போனாலும் கீழே போட்டுவிட்டு வராதே, அந்தத் தாளைத் திகதி எழுதி வைத்துக்கொள். பிறகு பார்க்க நன்றாக இருக்கும். இரவு வீட்டுக்கு வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு, ரவையில் ஈயம் இருக்கிறது. கழுவிவிட்டுச் சாப்பிடு.